மூக்குப் பாலிப்புக்கு உயிரியல் ஊசி: தொடங்கினால் நிறுத்த முடியுமா?

உங்களுக்கு வயது 46. மூக்குப் பாலிப்புக்காக 2014இலும் 2020இலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டும் இரு பக்கமும் சதை மீண்டும் வளர்ந்துவிட்டது. ஆஸ்துமாவுக்கு நாள்தோறும் இன்ஹேலர் எடுக்கிறீர்கள். காப்பியின் மணமும் தெரிவதில்லை, அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரிவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் சில நாள் மூக்கு திறக்கிறது, பிறகு பழைய கதைதான். இப்போது மருத்துவர் இரு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளும் டுபிலுமாப் ஊசியைப் பரிந்துரைத்திருக்கிறார். மாதம் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இது ஸ்டீராய்டா, ஆயுள் முழுவதும் போட வேண்டுமா, இதற்குப் பதிலாக மூன்றாவது அறுவை சிகிச்சையே செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால், இவ்வளவு பணம் செலவழித்துத் தொடங்கினால் ஒரு நாள் நிறுத்த முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று தோன்றுகிறது.

நான் மருத்துவர் அல்லன். சிங்கப்பூரில் அரசு மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகளாக மருந்தாளராகப் பணியாற்றுகிறேன். காது மூக்கு தொண்டைப் பிரிவிலிருந்தும் சுவாசநோய்ப் பிரிவிலிருந்தும் வருவோருக்கு இவ்வகை ஊசிகளை விளக்கிக் கையில் கொடுத்தனுப்புவது என் அன்றாட வேலை. ஆகவே மருந்தைப் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். உங்கள் மூக்குக்குள் என்ன இருக்கிறது என்பதில், உள்நோக்கியால் பார்த்தவரின் சொல்லே இறுதி.

முதலில் எளிய பகுதியை முடித்துவிடலாம். இது ஸ்டீராய்டு அல்ல. ஸ்டீராய்டு உடல் முழுவதும் அழற்சியைப் பொதுவாக அடக்கும். டுபிலுமாப், உயிரணுவின் மேல் செய்தியைப் பெறும் ஒரு குறிப்பிட்ட வாங்கியை மட்டும் அடைக்கும் எதிர்ப்புப் புரதம். உயிரணுக்களிலிருந்து பெறுவதால் இவ்வகையை உயிரியல் மருந்து என்கிறோம். வாய்வழியாகக் கொடுத்தால் வயிறு அதை உணவுப் புரதத்தைப் போலச் செரித்துவிடும் என்பதால்தான் ஊசியாகப் போடுகிறோம். அண்மையில் ஒரு பெரியவர் இதில் பன்றி, மாடு தொடர்பான பொருள் ஏதும் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அது நியாயமான கேள்வி என்பதால் இங்கும் சொல்கிறேன்: இந்தப் புரதங்கள் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வெள்ளெலி உயிரணுக்களிலிருந்து பெறப்படுகின்றன. அதை ஏற்பதா என்பதை அவரவர் மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாலிப் ஏன் திரும்பத் திரும்ப வளர்கிறது என்பது புரிந்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி கிடைக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு மூக்கின் உட்படலத்தில் 'இரண்டாம் வகை அழற்சி' என்று அழைக்கப்படும் ஒன்று ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகிய செய்தி மூலக்கூறுகள் ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்களை அங்கே வரவழைக்கின்றன, ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தின் உற்பத்தியைக் கூட்டுகின்றன, சளியைப் பெருக்குகின்றன, படலத்தில் நீர் கோத்து அது திராட்சைக் கொத்துபோலத் தொங்கும்படி செய்கின்றன. அதே அழற்சி நுரையீரலில் நடந்தால் ஆஸ்துமா. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிந்து நம் கூரையின் சாயம் உப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள்: உப்பியதைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசுவது அவசியமான வேலைதான், ஆனால் கசிவு நிற்காதவரை அது மீண்டும் உப்பும். அறுவை சிகிச்சை சுரண்டும் வேலையைச் செய்கிறது. ஊசி கசிவைக் குறைக்க முயல்கிறது. 'குறைக்க' என்றே சொல்கிறேன். குழாயை மாற்றும் மருந்து எதுவும் இதுவரை வரவில்லை.

டுபிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய இரண்டுக்கும் பொதுவான வாங்கியை அடைக்கிறது. மூக்குப் பாலிப்புக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலில் அனுமதித்த உயிரியல் மருந்து இதுதான். அது 2019 ஜூனில் நடந்தது. அதற்கு அடிப்படையான சைனஸ்-24, சைனஸ்-52 என்னும் இரு ஆய்வுகளில் மொத்தம் 724 பேர் பங்கேற்றார்கள். பாலிப்பின் அளவை ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்காக மொத்தம் எட்டுப் புள்ளிகளில் மதிப்பிடுவார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால் மருந்து பெற்றவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் குறைந்தன. காகிதத்தில் இது சிறிதாகத் தெரியலாம். நோயாளிகள் மருந்தக முகப்பின் முன்னால் நின்று சொல்வது வேறு ஒன்றை: மணம். ஆய்வின் தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு மோப்ப உணர்வு அறவே இல்லை. ஆறு மாத மருந்துக்குப் பிறகு அந்த நிலையில் இருந்தவர்கள் 24 முதல் 30 விழுக்காடுதான். சிலருக்கு முதல் ஊசி போட்ட சில நாட்களிலேயே மணம் திரும்பத் தொடங்குகிறது. மல்லிகைச் சரத்தை முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு ஓர் அம்மா எங்கள் முகப்புக்கே வந்து அதைச் சொன்னார். ஆனால் மீதி 24 முதல் 30 விழுக்காட்டினரை மறக்க வேண்டாம். மோப்பம் போய்ப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு, பலமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, அது முழுதாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

இப்போது உங்கள் மையக் கேள்வி. சைனஸ்-24 ஆய்வில் 24 வாரத்தோடு ஊசியை நிறுத்திவிட்டு மேலும் 24 வாரம் கவனித்தார்கள். கிடைத்த பலன் படிப்படியாகக் கரைந்தது. ஆகவே இது கட்டுப்படுத்தும் மருந்து, குணப்படுத்தும் மருந்து அல்ல என்பது உறுதி. ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத் தொடங்குகிறவர்களை நான் தடுத்துப் பேசுவது இதனால்தான். ஆனால் 'நிறுத்த முடியாது' என்பதற்கும் 'நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. இந்த ஊசிக்கு உடல் அடிமையாவதில்லை. நிறுத்தினால் ஸ்டீராய்டை நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தும்போது வரும் ஆபத்தும் இல்லை. முன்பு இருந்த நோய் தன் பழைய வேகத்தில் மெல்லத் திரும்பும், அவ்வளவே.

முழுதாக நிறுத்துவதற்கும் இரு வாரத்துக்கு ஒரு முறை போடுவதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது சொல்லப்படுவதில்லை. சைனஸ்-52 ஆய்வில் ஒரு பிரிவினருக்கு 24 வாரத்துக்குப் பிறகு ஊசியை நான்கு வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றினார்கள். ஓராண்டு முடிவில் அவர்களுடைய நிலை இரு வாரத்துக்கு ஒரு முறை போட்டவர்களுக்கு நெருக்கமாகவே இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருத்துவக் குழு, நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்களுக்கு இடைவெளியைப் படிப்படியாக நீட்டிப் பார்த்து, பெரும்பாலோர் தாக்குப்பிடித்ததாகப் பதிவு செய்திருக்கிறது. மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு இன்னும் இரு வாரத்துக்கு ஒன்றுதான். எனவே இடைவெளியை நீங்களாக நீட்டாதீர்கள். ஆனால் ஓராண்டு நன்றாகப் போனால் அதைப் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. செலவு பாதியாகக் குறைய வாய்ப்புள்ள இடம் அது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

வேறு ஊசிகளும் இருக்கின்றன. ஐஜிஇயைக் கட்டிப்போடும் ஓமாலிசுமாப் 2020 இறுதியிலும், இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப் 2021 ஜூலையிலும் பாலிப்புக்கு அமெரிக்க அனுமதி பெற்றன. மெபோலிசுமாப் ஆய்வில் பங்கேற்ற 407 பேரும் முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதாவது உங்களைப் போன்றவர்கள். ஓராண்டுக்குள் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் வெற்று ஊசிப் பிரிவில் 23 விழுக்காடு, மருந்துப் பிரிவில் 9 விழுக்காடு. டெசெபெலுமாப் இன்னும் மேலே போய், படலமே எழுப்பும் முதல் எச்சரிக்கைச் செய்தியைத் தடுக்கிறது. 2025இல் வெளியான அதன் ஆய்வில் இந்த வேறுபாடு மேலும் பெரிதாக இருந்தது, அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க அனுமதியும் கிடைத்தது. ஈசினோஃபில்களை ஏறத்தாழ முழுதாக நீக்கிவிடும் பென்ராலிசுமாப் ஆஸ்துமாவுக்கு நன்றாக வேலை செய்தும் பாலிப்புக்கு அமெரிக்க அனுமதி பெறவில்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் சுழியமானால் பாலிப் தானாகச் சுருங்கிவிடும் என்ற எளிய கணக்கு இங்கே பலிக்கவில்லை. எது சிறந்தது என்பதற்கு, டுபிலுமாப்பையும் ஓமாலிசுமாப்பையும் நேருக்கு நேர் நிறுத்திய ஓர் ஆய்வு 2025இல் டுபிலுமாப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆய்வை நடத்தியது டுபிலுமாப் தயாரிப்பாளர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மற்ற ஜோடிகளுக்கு இடையில் நடக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை மேசையில் அடுக்கிப் பார்ப்பவை. அவற்றை நான் பெரிதாக நம்புவதில்லை.

ஆனால் எந்த ஊசி என்பதைவிட, உங்கள் நோய் ஊசி கேட்கும் வகையா என்பதே பெரிய கேள்வி. ஐரோப்பிய வல்லுநர்களின் வழிகாட்டுதல் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது: இரு பக்கமும் பாலிப் இருந்து, முன்பு அறுவை சிகிச்சையும் நடந்திருந்தால், ஐந்து அடையாளங்களில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். இரண்டாம் வகை அழற்சிக்கான சான்று, ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படுவது, அன்றாட வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்படுவது, மோப்ப உணர்வு பெரிதும் குறைவது, இன்ஹேலர் தேவைப்படும் ஆஸ்துமா ஆகியவையே அந்த ஐந்து. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூன்றைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆனாலும் அழற்சியின் வகையை உறுதிசெய்யாமல் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். காரணம், நாம் இருக்கும் இடம். மேற்கத்திய நாடுகளில் பெரும்பாலான பாலிப்புகள் ஈசினோஃபில் நிறைந்தவை. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஈசினோஃபில் குறைந்த, நியூட்ரோஃபில் என்னும் வேறு வகை வெள்ளணு மிகுந்த பாலிப்புகள் அங்கைவிட அதிகம். அந்த வகைக்கு இந்த ஊசிகள் எவ்வளவு உதவும் என்பது இன்னும் தீராத கேள்வி. 2020இல் அகற்றிய சதையின் திசு அறிக்கை மருத்துவமனையில் இருக்கும். அதில் ஈசினோஃபில் எண்ணிக்கை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அது புதிதாகக் காசு செலவில்லாமல் கிடைக்கும் தகவல்.

ரத்தப் பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. பிரெட்னிசலோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ முடித்த சில நாட்களிலோ ரத்தம் எடுத்தால் ஈசினோஃபில் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். பொருத்தமான நோயாளியும் பொருந்தாதவராகத் தெரிவார். எதிர்த்திசையிலும் பிழை நேரலாம்: குடற்புழு இருந்தால் அது கூடும். மொத்த ஐஜிஇ அளவோ, தூசுப்பூச்சி ஒவ்வாமையும் தோல் அரிப்பும் இவ்வளவு பரவலாக உள்ள இந்த ஊரில், உயர்ந்திருப்பதாலேயே பெரிதாக எதையும் நிரூபித்துவிடுவதில்லை.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: சில ஆண்டுகளுக்கு முன் பல்வலிக்கு மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சுத்திணறி அவசரப் பிரிவுக்குப் போனதாக. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் கண்ணில் தைத்தது. பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை வலி மருந்துகளுக்கு ஒவ்வாத எதிர்வினை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது தனியாகப் பெயர் பெற்ற ஒரு நோய்நிலை. அது உறுதியானால் பல விஷயங்கள் மாறுகின்றன. இந்த வகையில் பாலிப் மிக விரைவாகத் திரும்பும். இரண்டு அறுவை சிகிச்சையும் நிலைக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். டுபிலுமாப் இவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. மேலும், மருத்துவமனைக் கண்காணிப்பில் ஆஸ்பிரினைச் சிறு அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போய் உடலைப் பழக்கும் சிகிச்சை ஒன்றும் உண்டு. மருந்தின் விலை மலிவு, ஆனால் நாள்தோறும் ஆஸ்பிரின் விழுங்கும் வயிறும் விடாமுயற்சியும் வேண்டும். உறுதிசெய்யப்படும்வரை ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக், நாப்ராக்சென், இங்கே பல் மருந்தகங்களில் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் மெஃபனமிக் அமிலம் ஆகிய எதையும் தொடாதீர்கள். வழக்கமான அளவில் பாரசிட்டமாலைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். அன்று எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை எப்படியாவது கண்டுபிடித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது அறுவை சிகிச்சையைப் பற்றி. 'அறுவையா ஊசியா' என்று இருதுருவமாக நிறுத்துவது பொருத்தமில்லை என்பது என் கருத்து. பெல்ஜியத்தில் நாற்பதுக்கும் குறைவானவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு சிறு ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்குப் பாலிப் திரும்பியது. ஆனால் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மூன்றில் ஒருவரைவிடச் சற்றே அதிகம். ஆக, திரும்புவது வேறு, மீண்டும் கத்தி வைக்கும் அளவுக்குத் திரும்புவது வேறு. நன்றாகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சை சதையை அகற்றுவதோடு நிற்காமல் சைனஸ் அறைகளின் வாயில்களை அகலமாகத் திறந்து, கழுவும் நீரும் மருந்தும் உள்ளே போக வழி செய்கிறது. எனவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது: "புதிய சிடி ஸ்கேனில் திறக்கப்படாத அறைகள் மிச்சம் இருக்கின்றனவா?" 2014இலோ 2020இலோ சதையை மட்டும் எடுத்து அறைகளை முழுதாகத் திறக்காமல் விட்டிருந்தால், முழுமையான ஓர் அறுவை சிகிச்சைக்கு வலுவான நியாயம் இருக்கிறது. எல்லாம் திறந்திருந்தும் சதை வளர்ந்திருந்தால், மூன்றாவது முறை வேறு முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் குறைவு. சிலருக்கு அறுவை செய்துவிட்டு அதன் பலனைக் காக்க ஊசி தொடர்வதும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், அடிப்படைச் சிகிச்சை சரியாக நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊசி ஆய்வுகள் அனைத்திலும் எல்லோரும் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். ஊசி அதற்கு மேலே கூடுதலாக வருவது. ஸ்பிரே அடிக்கச் சொல்லிப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் தலையை அண்ணாந்து, குப்பியை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைத்து, அடித்தவுடன் பலமாக உறிஞ்சுகிறார்கள். மருந்து தொண்டைக்குப் போய்விடுகிறது, நடுச்சுவரில் புண்ணாகி ரத்தம் கசிகிறது. தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடத் துவாரத்திலும் இடக்கையால் வலத் துவாரத்திலும், முனை கண்ணின் வெளிக்கோணத்தைப் பார்க்கும்படி வைத்து அடித்து, மென்மையாக மூச்சிழுக்க வேண்டும். அதற்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவினால் சளி விலகி மருந்து படியும். இங்கே குழாய் நீரைக் குடிக்கலாம். ஆனால் மூக்கைக் கழுவக் கொதிக்க வைத்து ஆறவைத்த நீரையே பயன்படுத்துங்கள், ஏனெனில் வயிற்று அமிலம் கொல்லும் நுண்ணுயிரை மூக்கால் கொல்ல முடியாது. கழுவும் நீரிலேயே புடெசோனைடு என்னும் ஸ்டீராய்டைக் கலக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அறுவையால் அறைகள் திறந்தவர்களுக்கு அது குறிப்பாகப் பயன்படும். இவ்வளவையும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் ஊசியைப் பற்றிய பேச்சுக்கு அடித்தளம் உறுதியாகிறது.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, ஊசி போட்ட இடம் சிவந்து வலிப்பதே அதிகம் காணப்படுவது. டுபிலுமாப்பில் கண் சிவந்து உறுத்துவது தோல் அரிப்பு நோயாளிகளிடம் அதிகம், பாலிப் நோயாளிகளிடம் குறைவு. ரத்தத்தில் ஈசினோஃபில் சில மாதம் உயர்ந்து பிறகு தணிவதுண்டு. பெரும்பாலும் எதுவும் தெரியாது. மிக அரிதாக அது ரத்தக்குழாய் அழற்சியாக மாறலாம் என்பதால், கை கால் மரத்துப்போவது, புதிதாகத் தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் கூடுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். குடற்புழு இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட வேண்டும். ஊரில் மண்ணில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பலருக்கு, அங்கிருந்து வந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் சிலவகைப் புழு உடலில் தங்கியிருக்கலாம். உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளை, இந்த ஊசியைத் தொடங்குவதற்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். ஆண்டுதோறும் போடும் சளிக்காய்ச்சல் ஊசிக்குத் தடையில்லை. இன்ஹேலரை, மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் காட்டுவேன்: ஆண்டுக்கு மூன்று முறை என்று பத்தாண்டுகள் பிரெட்னிசலோன் சாப்பிட்டால் எலும்பும் கண்ணும் சர்க்கரை அளவும் என்னவாகும் என்பது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பணம். இங்கே ஒரு விந்தையான நிலை உண்டு. அறுவை சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் என்னும் அரசுக் காப்புறுதி, மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு, தனியார் காப்புறுதி எல்லாம் கைகொடுக்கும். வெளிநோயாளியாக மாதாமாதம் வாங்கும் ஊசிக்குப் பெரும்பாலும் அப்படி அல்ல. அதனால் பலருக்கு அறுவை சிகிச்சை மலிவாகத் தெரிகிறது. அது பில் கட்டும் முறையால் வரும் தோற்றம். அதை மருத்துவக் காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசாங்க மானியம் மருந்தின் பெயரைப் பார்த்து மட்டும் கொடுக்கப்படுவதில்லை, எந்த நோய்க்கு என்பதையும் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆஸ்துமாவுக்கு மானியம் பெறும் ஓர் ஊசிக்குப் பாலிப்புக்கு அது கிடைக்காமல் போகலாம். பட்டியல்கள் மாறிக்கொண்டே இருப்பதால் உங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் அன்றைய நிலையைக் கேளுங்கள். உங்களுக்கு ஆஸ்துமாவும் இருப்பதால், அது கடுமையானதா என்று சுவாசநோய் மருத்துவர் மதிப்பிடுவது மருத்துவ நோக்கிலும் செலவு நோக்கிலும் பயன் தரும். பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரையோடு மானிய நோயாளியாக வந்தீர்களா, தனியார் நோயாளியாகவா என்பது மாதச் செலவை வெகுவாக மாற்றும். முதல் ஊசிக்கு முன்பே மருத்துவச் சமூக சேவையாளரைப் பார்த்துவிடுங்கள். நான்கு மாதம் சேமிப்பைக் கரைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

தொடங்கினால், ஆறு மாதக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குமுன் எஸ்நாட்-22 என்னும் கேள்வித்தாளை நிரப்பி வையுங்கள். நோய் எவ்வளவு தொல்லை தருகிறது என்பதை அது 110க்கு இவ்வளவு என்று சொல்லும், 40ஐ எட்டினால் அன்றாட வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உள்நோக்கியில் பாலிப் அளவு, மோப்பச் சோதனை, கடந்த ஓராண்டில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரை நாட்கள் ஆகியவற்றையும் அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அவற்றை அருகருகே வைத்துப் பார்த்து, எதிலும் மாற்றமில்லை என்றால் நிறுத்துவதுதான் சரி. 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று மாதாமாதம் நீட்டுவதில் பொருளில்லை. நீங்கள் எழுதிய விவரங்கள் உண்மையாக இருந்து, திசு அறிக்கையிலும் ஈசினோஃபில் தெரிந்து, ஸ்கேனில் அறைகளும் திறந்திருந்தால், உங்கள் இடத்தில் நான் ஊசியைத் தேர்ந்தெடுப்பேன். அறைகள் மூடியிருந்தால் முதலில் கத்தியைத் தேர்ந்தெடுப்பேன். பாலிப் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, ஒரு பக்கம் ரத்தம் கலந்து வடிந்தாலோ இந்தப் பேச்சே வேறு. அதை உடனே பரிசோதிக்க வேண்டும்.

டிசம்பரில் குடும்பத்தோடு தஞ்சாவூருக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். ஊசியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், உறையாமல், கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் கடிதத்தையும் மருந்தகச் சீட்டு ஒட்டிய பெட்டியையும் உடன் வையுங்கள். ஐஸ் கட்டி மருந்தை நேரடியாகத் தொடக் கூடாது, இடையில் ஒரு துணி இருக்கட்டும். போடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்; வெந்நீரில் நனைத்துச் சூடாக்க வேண்டாம். பயணத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஊசி அல்ல, அங்கே மருந்துக்கடையில் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகள்: பாரசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனோ ஏசிக்ளோஃபெனாக்கோ சேர்ந்திருக்கும். வெறும் பாரசிட்டமாலை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். உங்களுக்கு ஆகாத மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, உடன் வருகிறவர் பையிலும் ஒரு படி வையுங்கள்.